சுகர் நல்லாத்தான் இருக்கு

உக்காரும்மா, உக்காரு. அந்த நாற்காலி ஆடும், அதுல போய் உக்காந்துட்டியே. இங்க தள்ளி வா. உள்ள ஆள் இருக்கு. எங்க வீட்டுக்காரவுகதான். இப்ப வந்துருவாவன்னு நான் சொல்ல மாட்டேன். நான் வந்து உக்காந்ததுல இருந்து அந்தக் காப்பிக்காரன் ரெண்டு வாட்டி வந்துட்டுப் போயிட்டான். கதவ அடைச்சுக்கிட்டு அப்படி என்னதான் பேச்சோ!

நான் ஏன் வெளிய இருக்கேனா? நல்லாக் கேட்ட. என்னய வெளிய போகச் சொல்லிட்டாவம்மா. கட்டுன பொண்டாட்டிய, "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க"ன்னு அந்த டாக்டர் புள்ள சொல்லுது. எங்க சங்கரி வயசுகூட இருக்காது. சங்கரி எம் மக, பெங்களூர்ல இருக்கா. இந்த மனுசனுக்கு என்ன மாத்திரை, எந்தக் கால்ல மதமதப்பு, காலைல எழும்பி எத்தன வாட்டி ஒண்ணுக்குப் போனாவ, எல்லாம் எனக்குத்தான் தெரியும். அவுகளுக்கே தெரியாது. அப்ப யார வெளிய அனுப்பணும்? நீயே சொல்லு.

நீ யாருக்குக் காட்ட வந்துருக்க? ஒனக்கேவா? ஒனக்கும் சுகரா? சின்ன வயசால்ல இருக்கு, ஐயோ பாவம். சரி, பயப்படாத. நான் சொல்லித் தாரேன். சுகரக் கட்டுப்படுத்துததுல இந்தப் பாளையங்கோட்டையில என்னைய மிஞ்ச ஆள் கிடையாது, பாத்துக்கோ. கீழ சுகர் டாக்டர் இருக்காருல்லா, போன தடவ வந்தப்ப அத்தன பேரு முன்னாலயும் சொன்னாரு, "வீட்டுக்கு வீடு ஒங்கள மாதிரி ஒரு அம்மா இருந்தா நான் கடைய மூடிட்டு ஊரப் பாக்கப் போயிருவேன்"ன்னு. எனக்கு அன்னைக்குச் சோறே எறங்கல, சந்தோசத்துல.

ஆனா சும்மா வந்துச்சா இது? முதமுதல்ல சுகர்னு சொன்னப்ப இவுக பண்ணுன அழிச்சாட்டியம் இருக்கே! வாக்கிங் போறேன்னு கிளம்புவாவ. நான் ரொம்பப் பெருமையா அனுப்பி வைப்பேன். பாத்தா, முக்குக் கடையில நின்னு வாழக்கா பஜ்ஜி, சீனி தூக்கலா டீ. ஒருநாள் மிக்சிக்குப் பின்னால பேப்பர்ல மடிச்சுக் கருப்பட்டி. எறும்பு வரிசையால்ல போகுது! கேட்டா, "எறும்பு எதுக்குப் போகுதுன்னு எறும்பத்தான கேக்கணும்"ங்காவ. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்ச கதைதான். சண்டைன்னா சண்டை, அம்புட்டுச் சண்டை. "நீ பொண்டாட்டியா போலீசா"ன்னு கத்துவாவ. நானும் விட மாட்டேன்.

முக்குக் கடைக்காரன்ட்ட போய் நின்னேன். "இவுகளுக்கு இனிமே ஒரு கரண்டி சீனி போட்டீருன்னா, ஒம்ம கடை முன்னால உக்காந்து ஒப்பாரி வைப்பேன்"ன்னேன். அவன் அன்னையில இருந்து இவுகளக் கண்டாலே சுடுதண்ணியக் காட்டுதான். தெருவுல ஒரு வீடு பாக்கி இல்லாமச் சொன்னேன். கோயில்ல பட்டர்ட்டயும் சொல்லிட்டேன், "சாமி, இவுகளுக்குச் சர்க்கரைப் பொங்கல் குடுக்காதீங்க, துன்னூறு மட்டும் போதும்"ன்னு. பட்டரு, "பிரசாதம்மா, கொஞ்சூண்டு"ன்னாரு. பிரசாதம்னா சுகர் ஏறாதா? சாமி வந்து ரத்தம் டெஸ்ட் பண்ணப் போகுதா? அடியாத மாடு படியாதுல்லா.

நீ என்னையக் கல்நெஞ்சக்காரின்னு நெனைக்க. உம் மொகத்துலயே தெரியுது. எங்க அப்பாவுக்கு இந்தச் சுகர்லதாம்மா கால எடுத்தாவ. முதல்ல விரலு, பொறவு பாதம், பொறவு முட்டி வரைக்கும். தூக்கி உக்கார வைக்கது, தொடைக்கது, எல்லாம் நாந்தான். அந்த வாட இன்னும் எம் மூக்குல இருக்கு. அதனால இவுகளுக்குச் சுகர்னு சொன்ன அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இவுக கால் ரெண்டும் இவுககூடயேதான் இருக்கணும்னு.

இருக்கா இல்லையா? இருக்கு. இப்பப் பாரு, எப்படி ஆயிட்டாவன்னு. வச்சதத் திங்காவ. கேப்பக் கூழா, கூழு. பாவக்காயா, பாவக்கா. ஒரு சத்தம் கிடையாது. ஒருநாள் கொழம்புல உப்புப் போட மறந்துட்டேன். நான் ஒரு வாய் வச்சு, தூன்னு துப்புதேன். அவுக சாப்பிட்டு, தட்டக் கழுவிக் கவுத்திட்டுப் போயாச்சு! "ஏங்க, உப்பில்லையே, சொல்லக் கூடாதா"ங்கேன். "அப்படியா"ங்காவ. அம்புட்டுத் தங்கமான மனுசனாயிட்டாவ. இந்தத் தெருவுல எவளுக்கு வாய்க்கும்?

போன் அடிச்சா எடுக்கதில்ல. அதும் நல்லதுக்குத்தான், வீண் பேச்சு கிடையாது. டிவி முன்னால உக்காந்திருப்பாவ. என்னங்க ஓடுதுன்னா, திரும்பி டிவியப் பாத்துட்டுத்தான் சொல்லுவாவ. தாடி வளந்து கெடக்கும், ஷேவ் பண்ணுங்கன்னு நாஞ்சொல்லணும். குளிங்கன்னு சொல்லணும். சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிட்டு. எல்லாம் சுகர் பண்ணுத வேல. சுகர் வந்தா அசதியா இருக்கும்னு டிவியிலயே சொல்லுதான்லா.

முன்னாடி எப்படி இருந்தாவங்கியா? ஏ யம்மா! பேரு ஆவுடையப்பன். கரண்ட் ஆபீசுல வேல பாத்து ரிட்டயர் ஆனாவ. ஆனா கரண்ட் ஆபீஸ் ஆவுடையப்பன்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. பந்தி ஆவுடையப்பன்னு கேளு, அம்பாசமுத்திரம் வரைக்கும் சொல்லுவான். எங்க சாதி சனத்துல யாரு வீட்டுக் கல்யாணம்னாலும் பந்தி விசாரிக்கது இவுகதான். துண்ட இடுப்புல கெட்டிக்கிட்டு வரிசைக்குள்ள எறங்கிட்டாவன்னா, "லே, இந்த இலையில அவியலக் காணோம்", "மாமா, சொதி இன்னொரு கரண்டி ஊத்தச் சொல்லட்டா", "ஏ பாப்பா, அப்பளம் ஒடஞ்சதா வச்சுட்டான், வேற கொண்டாரேன் இரு". எவன் கேக்கக் கூச்சப்படுத ஆளுன்னு மொகத்தப் பாத்தே கண்டுபிடிச்சுருவாவ. பந்திக்கு முந்துன்னு ஊரு சொல்லும், இவுக எல்லாத்துலயும் பிந்தி, கடைசிப் பந்தியில கரண்டி பிடிச்ச பயலுகளோட உக்காந்து, சிரிச்சுக்கிட்டுச் சாப்பிட்டுட்டு வருவாவ. நான் சத்தம் போடுவேன், "சொந்த வீட்டுல ஒரு டம்ளர் எடுத்து வைக்க மாட்டீக, ஊருக்குப் பரிமாறுதீக"ன்னு.

இப்ப போறதில்ல. போன தையில இருந்து எங்கயும் போறதில்ல. அது ஒரு கதை. சொல்லணும்னா வயித்தெரிச்சல்.

இவுக தங்கச்சி பகவதி, அம்பாசமுத்திரத்துல. அவ மகனுக்குக் கல்யாணம். இவுகதான தாய்மாமன்! ரெண்டு நாள் முன்னாடியே போயாச்சு. எம்மா, பழைய ஆளாயிட்டாவ. குரல் என்ன, நட என்ன! எனக்கு ஒரே பயம், இந்த உற்சாகத்துல எதையாச்சும் அள்ளிப் போட்டுக்கிடுவாவளேன்னு. அதனால நான் என்ன பண்ணுனேன், பரிமாறுத பயலுக ஒவ்வொருத்தனையாக் கூப்பிட்டு ஆளக் காட்டிச் சொல்லி வச்சேன், "அந்தா, அவுகளுக்குச் சுகர். போளி, பாயசம் எதுவும் வச்சிராதீங்க. கேட்டாலும் வைக்காதீங்க." முன்யோசனை வேணும்லா?

எல்லாப் பந்தியும் விசாரிச்சு முடிச்சு, கடைசிப் பந்தியில வந்து உக்காந்தாவ. நான் தூணோரமா நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன். பாயசம் வருது. வாளி தூக்குன பய ஒவ்வொரு இலையா ஊத்திக்கிட்டு வந்தான், இவுக இலையத் தாண்டிப் போயிட்டான். கெட்டிக்காரப் பய. இவுக விடல. "லே தம்பி, இங்க ஒரு கரண்டி"ன்னாவ. அந்தப் பய திரும்பி என்னையப் பாக்கான். நான் தலைய ஆட்டுனேன். அவன், "ஒங்களுக்கு வைக்கக் கூடாதுன்னு வீட்டம்மா சொல்லிட்டாங்க தாத்தா"ன்னு சத்தமாச் சொல்லிட்டான். பந்தியே திரும்பிப் பாத்துச்சு. ரெண்டு பேரு சிரிச்சாவ. நானும்தான் சிரிச்சேன், என்ன இப்ப? நல்லதுக்குச் சொல்லுததுல என்ன வெக்கம்?

இவுக கைய இலையில வச்சுக்கிட்டே அந்த வாளி போறதப் பாத்தாவ. பொறவு இலைய மடிச்சாவ பாரு, அந்தப் பக்கமா!

ஒனக்குப் புரியுதா? கல்யாண வீட்டுல சாப்பிட்டா இலைய நம்ம பக்கமாத்தான மடிக்கணும். எழவு விழுந்த துட்டி வீட்டுலதான எதுத்த பக்கமா மடிப்பாவ. சின்னப் புள்ளையளுக்குக்கூட இவுகதான் சொல்லிக் குடுத்தது, "லே, இலைய எம் பக்கம் தள்ளாத, ஒம் பக்கம் இழு, இது நல்ல காரியம்"ன்னு. அந்த மனுசன், தாய்மாமன், தங்கச்சி மகன் கல்யாணத்துல இலையத் துட்டி வீட்டு மடிப்பா மடிச்சுட்டு எந்திரிச்சுப் போறாவ!

பகவதி பாத்துட்டா. அழுத அழுகை இருக்கே! "எம் புள்ள நல்லா இருக்கக் கூடாதுன்னு அண்ணன் நெனைச்சுட்டானே"ன்னு. நான் அவகிட்ட மாஞ்சு மாஞ்சு சொல்லுதேன், "ஏட்டி, வேணும்னு பண்ணலட்டி, சுகர் வந்தா மறதி வரும், எதுத்தாப்புல மடிச்சுட்டாவ, அம்புட்டுத்தான்." கேக்கல. இன்னைக்கு வரைக்கும் எங்க ரெண்டு பேருகூடயும் பேச்சில்ல. எனக்கு எம்புட்டு அவமானம்! இவுகட்ட கேட்டேன், "ஏங்க அப்படி மடிச்சீங்க?" பஸ்சுல ஜன்னலப் பாத்துக்கிட்டே வந்தாவ. ஊரு வார வரைக்கும் ஜன்னலுதான்.

அதோட சரி. கல்யாணப் பத்திரிகை எது வந்தாலும், "நீ போயிட்டு வா"ம்பாவ. நான் போவேன். அங்க எல்லாரும் "ஆவுடையப்பண்ணாச்சி எங்க"ம்பாவ. பந்திய இப்ப காண்ட்ராக்ட்காரன் பாக்கான். இலையில எது விழுந்துச்சு, எது விழல, எவனுக்குத் தெரியும்?

சரி, இன்னைக்கு நடந்ததுக்கு வாரேன். காலைல வெறும் வயித்துல ரத்தம் குடுத்து, சாப்பிட்டு, திரும்பக் குடுத்து, ரிசல்ட்டத் தூக்கிக்கிட்டுச் சுகர் டாக்டர்ட்ட போனோம். சும்மா சொல்லக் கூடாது, சாப்பிடாமப் பாத்ததும் நல்லா இருக்கு, மூணு மாசச் சுகரும் நல்லா இருக்கு. நான் பரீட்ச பாசான புள்ள மாதிரி நிமிந்து உக்காந்திருக்கேன். அவரு காயிதத்த வச்சுட்டு இவுகளையே பாக்காரு. "எடை ரொம்ப எறங்கிட்டே. சார், பசிக்குதா?"ன்னாரு. "வச்சதச் சாப்பிட்டுருவாவ டாக்டர்"ன்னேன். "சார், தூக்கம் வருதா?" "படுத்தா எந்திரிக்கதே இல்ல டாக்டர், நல்ல தூக்கம்"ன்னேன். "சார், மனசு எப்படி இருக்கு? எதுலயாச்சும் சந்தோசம் இருக்கா?" "அதெல்லாம் இருக்கு டாக்டர், அவுகளுக்கு என்ன கொற"ன்னேன். சரியாத்தான சொன்னேன்?

அதோட விட்டிருக்கணும். எம் வாய் இருக்கே! இவுக எம் மேல வச்சிருக்க பாசத்தச் சொல்லணும்னு தோணுச்சு. "போன வாரம் காய் நறுக்கிக்கிட்டு இருக்கேன் டாக்டர், பக்கத்துல வந்து உக்காந்து, 'நான் இல்லன்னா ஒனக்கு இம்புட்டுப் பாடு இருக்காதுல்லா வடிவு'ன்னாவ. நான் படுத பாட்ட நெனைச்சு அம்புட்டுக் கவலப்படுதாவ"ன்னேன். நான் அன்னைக்குச் சிரிச்சுக்கிட்டே, "ஆமா, பாவக்கா மிச்சம்"ன்னு பதில் சொன்னேன். அதையும் சொன்னேன்.

டாக்டர் பேனாவக் கீழ வச்சுட்டாரு. இவுகளப் பாத்து, "நான் இல்லன்னான்னு சொன்னீங்களா சார்?"ன்னாரு. இவுக குனிஞ்சுக்கிட்டாவ. நான் சொன்னப்ப சாதாரணமா இருந்த வார்த்த, அவரு வாயால கேட்டப்ப அப்படி இல்லையே. அந்த வார்த்தைக்கு வேற அர்த்தமும் இருக்குல்லா? எனக்குத் தோணவே இல்லையேம்மா. காய் நறுக்குத கையோட கேட்டுட்டு, காய் நறுக்கப் போயிட்டேனே.

"சுகர நாம பாத்துக்கிடலாம். முதல்ல மாடியில மனநல டாக்டரப் பாருங்க"ன்னாரு. எனக்குக் கோவம் வந்துட்டு. "எங்க வீட்டுக்காரவுகளுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"ன்னேன். "இல்லம்மா, சுகர் உள்ள நெறையப் பேருக்கு மனசு இப்படிச் சோந்து போகும். நாங்களும் சுகர மட்டுமே பாத்துட்டு விட்டுருவோம். நானும் போன தடவ விட்டுட்டேன்"ன்னாரு. மனுசன் சும்மா சொல்லக் கூடாது, மொகம் சுண்டிப் போச்சு. சரின்னு இங்க கூட்டிட்டு வந்தேன். இந்தப் புள்ள கேட்டது ஒரே கேள்வி, "ஐயா, எப்படி இருக்கீங்க?" நான், "சுகர் நல்லாத்தான் இருக்கு"ன்னேன். "சுகர் எப்படி இருக்குன்னு நான் கேக்கலையேம்மா"ன்னா. அடுத்த வார்த்த, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

இரு, இரு. சத்தம் கேக்கா ஒனக்கு?

நான் சும்மா அந்தப் படத்தப் பாக்கத்தான் கதவுப் பக்கம் போறேன். சுவத்துல ஏதோ எழுதிப் போட்டிருக்காம்லா.

ஏம்மா! அவுக சத்தம்தான். பேசுதாவம்மா! என்னன்னு வெளங்கல, ஆனா விடாமப் பேசுதாவ. வீட்டுல ஒரு 'ம்'முக்கு நான் நாள் பூரா காத்துக் கெடக்கணும். யாரோ எவளோ, முன்னப் பின்னத் தெரியாத புள்ள, அதுகிட்ட எப்படிக் கொட்டுதாவ பாரு. எங்கிட்டச் சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?

இது என்ன... அழுவுதாவளா? அவுகளா? எங்க மாமியா செத்தப்பகூட இவுக அழலையே. பந்தலு போடணும், சாப்பாடு சொல்லணும்னு ஓடிக்கிட்டே இருந்தாவ. என்ன கேட்டா அவ? என்ன கேட்டு இப்படி அழ வைக்கா? நான் உள்ள போறேன்.

கைய விடும்மா. விடுங்கேன்லா. எம் புருசன் அழுதுக்கிட்டு இருக்காவ, நான் வெளிய நிக்கவா?

...சரி. உக்காருதேன். நீ சொல்லுததும் சரிதான், நான் போனா நிறுத்திருவாவ. என்னையக் கண்டா வாய மூடிக்கிடுவாவ. உக்காருதேன், நீ கைய விட்டுராத. எனக்குப் பயமா இருக்கும்மா. கால் போயிரும் கால் போயிரும்னு காலையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். ஆளே போயிருவாவன்னு எவன் சொன்னான் எனக்கு? நல்லா இருக்கணும்னுதான எல்லாம் செஞ்சேன்? இல்ல, நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். சும்மா கேட்டேன்.

ஏ, கதவு தொறக்கு. வந்துட்டாவ.

ஏங்க, என்னங்க? கண்ணெல்லாம் செவந்து போயி. என்ன சொன்னா? மாத்திரை எழுதியிருக்காளா? இங்க குடுங்க. தல சுத்துதா? சுகர் எறங்கிட்டோ? பையில குளுகோஸ் வச்சிருக்கேன். என்னது? சத்தமாச் சொல்லுங்க.

பசிக்கா?

கேட்டியாம்மா, பசிக்காம்! தானா வாயத் தொறந்து பசிக்குன்னு கேக்காவ. கீழ கேண்டீன் இருக்குங்க, ரெண்டு இட்லி சட்னி இல்லாம... இல்ல, நீங்க சொல்லுங்க. என்ன சாப்பிடுதீங்க? போய்ப் பாத்துக்கிடலாங்கீங்களா? சரி, போய்ப் பாத்துக்கிடுவோம்.

ஏம்மா, ஒன் பேரத்தான் கூப்பிடுதாவ போல. போ, உள்ள போ. எதையும் மறைக்காமச் சொல்லு என்னா. நல்ல புள்ளதான் அது.

அது இருக்கட்டும், நீங்க அம்புட்டு நேரம் அவகிட்ட என்னங்க பேசுனீங்க? எங்கிட்டச் சொல்லக் கூடாதா? நான் ஒருத்தி வெளிய கெடந்து... என்னது?

எம்மா, போறதுக்கு முன்னால இதக் கேட்டுட்டுப் போ. "ஒங்கிட்டயும் சொல்லணும்னுதான் இருக்கேன் வடிவு, நடுவுல பேசாமக் கேப்பியா"ங்காவ! நான் எங்கங்க நடுவுல பேசுதேன்? இந்தப் புள்ளைகிட்ட வேணாக் கேளுங்க, வந்ததுல இருந்து நான் வாயே...

நீ ஏம்மா சிரிக்க?

சரிங்க. சரி. கேக்கேன். மொள்ள நடங்க, படி இருக்கு. இல்ல, படி இருக்குன்னு மட்டுந்தான் சொன்னேன். இனிமே பேசல. நெசமாப் பேசல.

சொல்லுங்க.